இருட்டடிப்பு எதற்கு, எதற்கில்லை: மும்பை அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: மும்பை மாநகராட்சி ஆணையர், நகர மற்றும் புறநகர் மாவட்ட ஆட்சியர்கள், குடிமைப் பாதுகாப்பு மற்றும் காவல் துறையினர், ஜி வடக்கு, எஃப் வடக்கு, எம் மேற்கு வார்டு உதவி ஆணையர்கள்.

அனுப்புநர்: தாராவி, மாதுங்கா, ஆண்டாப்ஹில், செம்பூர்த் தமிழர்களில் துறைமுகம், தீயணைப்பு, மின்வழங்கல், மருத்துவமனை நிர்வாகம், குடிமைப் பாதுகாப்பு ஆகிய வேலைகளைப் பார்த்த சிலர்.

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

இந்த மடலின் மராத்தி வடிவம் தனியாக உங்கள் அலுவலகத்துக்கு வருகிறது. தமிழிலும் எழுதுவதற்குக் காரணம், உங்களிடம் என்ன கேட்டோம் என்பது எங்கள் கல்லிகளில், அதாவது சந்துகளில், இருப்பவர்களுக்கும் தெரிய வேண்டும். நாளைக்கு "யாரும் சொல்லவில்லையே" என்ற பேச்சு வந்தால் அவர்களும் சாட்சி.

இருட்டடிப்பு என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. குண்டு விழும் என்று ஊர் விளக்கையெல்லாம் அணைப்பது ஒன்று. நடந்ததை வெளியே தெரியாமல் அமுக்குவது இன்னொன்று. போர்க்காலத்தில் முதலாவதைச் செய்யும் பொறுப்பு உங்களுக்கு இருக்கிறது. அதைச் செய்யும் கையே பழக்கதோஷத்தில் இரண்டாவதையும் செய்துவிடுகிறது. விளக்கை அணைக்க உத்தரவு போடுகிறவர் எண்ணிக்கையையும் அணைக்கிறார், சரக்குப் பட்டியலையும் அணைக்கிறார், தான் எப்போது ஊரைவிட்டுக் கிளம்பினார் என்பதையும் அணைக்கிறார். இந்த இரண்டையும் பிரித்து வையுங்கள் என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறோம்.

2025 மே 7 அன்று நாடெங்கும் 244 மாவட்டங்களுக்குக் குடிமைப் பாதுகாப்பு ஒத்திகை அறிவித்தார்கள். அதில் மும்பையும் உண்டு. மே 10 மாலை பாகிஸ்தானோடு நடந்த சண்டை நின்றது. ஒத்திகையில் விட்டுப்போனதை உட்கார்ந்து யோசிக்க இப்படிப்பட்ட ஓய்ந்த நேரம்தான் தோது. அபாயச் சங்கு ஊதிய பிறகு மடல் படிக்க யாருக்கும் நேரம் இருக்காது.

முதலில் விளக்கு. "அணையுங்கள்" என்று மக்களிடம் சொல்வது வேறு, ஒரு பகுதிக்கே மின்சாரம் கொண்டுவரும் ஃபீடர் கம்பியிலேயே அதை நிறுத்துவது வேறு. இரண்டாவது உங்களுக்குச் சுலபம், ஒரு போன் போதும். ஆனால் அப்போது அணைவது விளக்கு மட்டுமில்லை. குடிசை மாற்றுக் கட்டடங்களில் லிஃப்ட் நடுவில் நிற்கும், தண்ணீர் ஏற்றும் மோட்டார் நிற்கும், வீட்டில் நோயாளிக்கு ஓடிக்கொண்டிருக்கும் ஆக்சிஜன் மெஷின் நிற்கும். ஐந்து லிட்டர் மெஷின் சுமார் 300 முதல் 350 வாட் இழுக்கும். 150 ஏஎச் பேட்டரி ஒன்று போட்ட இன்வெர்ட்டர் அதை மூன்று, மூன்றரை மணி நேரம் தாங்கும். பேட்டரி பழசானால் பாதி. சால் என்கிற ஒற்றை அறைக் குடித்தன வரிசை வீட்டில் இன்வெர்ட்டரே இருக்காது. மாற்று வழி ஒரு பி டைப் சிலிண்டர். அதில் சுமார் 1,500 லிட்டர் வாயு இருக்கும். நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் வீதம் பன்னிரண்டு மணி நேரம் வரும். ஆகவே ஒவ்வொரு வார்டிலும் ஆக்சிஜன் மெஷினில் இருப்பவர்களின் பட்டியலும், அதற்குச் சரியாக நிரப்பிய சிலிண்டர்களும் இல்லாமல் ஃபீடரில் கை வைக்காதீர்கள்.

எல்லோரும் ஒரே நிமிடத்தில் அணைத்தாலும் தொல்லைதான். 2020 ஏப்ரல் 5 அன்று ஒன்பது நிமிடம் விளக்கணைக்கச் சொன்னபோது நாட்டின் மின்தேவை சுமார் 31,000 மெகாவாட் சரிந்தது. எதிர்பார்த்ததைவிட அது இரண்டு மடங்குக்கும் மேல். நீர்மின் நிலையங்களைக் குறைத்தும் கூட்டியும் பொறியாளர்கள் சமாளித்தார்கள், ஏனென்றால் அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். அதே வருடம் அக்டோபர் 12 அன்று மும்பையில் சொல்லாமல் கொள்ளாமல் மின்சாரம் போனபோது லோக்கல் ரயில்கள் ஆங்காங்கே நின்றன. அதனால் இருட்டடிப்பு உத்தரவு போகும் முன் மின்சுமையைக் கவனிக்கும் மையத்துக்குத் தகவல் போக வேண்டும். விளக்கை மட்டும் அணையுங்கள், ஃபேனும் ஃபிரிட்ஜும் ஓடட்டும் என்பதை உத்தரவின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

இன்னொன்று, யாரும் யோசிக்காதது. தாராவியில் இட்லி போடுகிறவர்கள் விடிவதற்கு வெகுமுன்பே அடுப்பைப் பற்ற வைத்துவிடுவார்கள். காலையில் நகரமெங்கும் சைக்கிளில் போகிற இட்லி அது. பத்துக்குப் பத்து அறை, ஒரு மூலையில் சிலிண்டர், நடுவில் கொப்பரை, ஆவி போக இருக்கிற ஒரே வழி வாசல் கதவு. வெளிச்சம் வெளியே தெரியக் கூடாது என்று அந்தக் கதவைக் கறுப்புத் துணியால் மூடச் சொன்னால் என்ன ஆகும்? காற்று குறைந்தால் அடுப்பு நீல நிறம் விட்டு மஞ்சளாக எரியும், கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது. தலைவலி, குமட்டல், பிறகு மயக்கம். துணி நழுவி அடுப்பில் விழுந்தால் தீ. "அடுப்பு எரியும் வீட்டில் கதவை மூடாதே, பல்பை மட்டும் அணை, பாத்திரத்துக்கு மேலே நெருப்பு தெரியாதபடி தழலைக் குறை" என்று மூன்றே வாக்கியம் போதும். பெரிய மாளிகைகளுக்கு எழுதிய உத்தரவை அப்படியே எங்கள் சால்களுக்கு அனுப்பினால் குண்டு விழாமலே ஆள் சாவான்.

செயற்கைக்கோளைப் பார்த்து வரும் ஏவுகணைக்கு உங்கள் தெருவிளக்கு தேவையில்லை என்பது உங்களுக்கும் தெரியும். கண்ணாலோ கேமராவாலோ குறி பார்க்கும் ஆயுதத்துக்குத்தான் இருட்டடிப்பு தடை. அதற்கு விலையும் உண்டு. 1939 செப்டம்பரில் பிரிட்டன் இருட்டடிப்பை ஆரம்பித்தபோது சாலை விபத்துச் சாவு ஏறக்குறைய இரட்டித்தது. ஆகவே இருட்டாக்கும்போது எதற்காக, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று சொல்லிச் செய்யுங்கள்.

இனி நம் ஊர் துறைமுகம். 1944 ஏப்ரல் 14. விக்டோரியா டாக்கில் நின்ற ஃபோர்ட் ஸ்டிகைன் கப்பலில் சுமார் 1,400 டன் வெடிபொருள், அதோடு கராச்சியில் ஏற்றிய பஞ்சுப் பொதிகள், எண்ணெய்ப் பீப்பாய்கள், 31 பெட்டிகளில் தங்கக் கட்டிகள். மதியம் இரண்டு மணி வாக்கில் புகை. வெடிபொருள் ஏற்றிய கப்பல் பறக்கவிட வேண்டிய சிவப்புக் கொடி அதில் இல்லை, போர்க்காலம். தீயணைப்பு வீரர்கள் 900 டன்னுக்கு மேல் தண்ணீர் இறைத்தார்கள், தீயின் மூலம் எங்கே என்று கடைசி வரை பிடிபடவில்லை. கப்பலை மூழ்கடிப்பதா, இழுத்து வெளியே விடுவதா, அங்கேயே அணைப்பதா? கேப்டன், வெடிபொருள் அதிகாரி, துறைமுக நிர்வாகம், தீயணைப்புத் தலைமை என்று ஆளாளுக்குக் கருத்து இருந்தது. உத்தரவு போடும் அதிகாரம் யாருக்கு என்பது மட்டும் யாருக்கும் தெளிவில்லை. 4 மணி 6 நிமிடத்துக்கு முதல் வெடிப்பு, அரை மணி நேரத்துக்குள் இரண்டாவது. தீயணைப்பு வீரர்கள் மட்டும் 66 பேர் இறந்தார்கள். நாடு முழுதும் ஏப்ரல் 14ஐத் தீயணைப்பு நாளாக நினைவுகூர்வது இதற்காகத்தான்.

அடுத்த நாளே ஜப்பான் கையிலிருந்த சைகோன் வானொலி செய்தியை விரிவாகச் சொல்லிவிட்டது. பம்பாயில் சென்சார் மே மாதம் வரை வாயைக் கட்டி வைத்திருந்தது. எதிரிக்குத் தெரிந்துபோனதை ஊர்க்காரனிடமிருந்து மறைத்த ரகசியம் அது.

இதிலிருந்து நாங்கள் கேட்பது இதுதான். எங்கே என்ன சேமிப்பு இருக்கிறது என்று போர்க்காலத்தில் தெருவெல்லாம் ஒட்ட வேண்டாம், சரி. ஆனால் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு முன்னால் போகிறவனிடம் மறைக்கக் கூடாது. மாஹுல், டிராம்பே பக்கம் போகும் டேங்கர் லாரியின் பின்னால் ஆரஞ்சுப் பலகையில் எண் இருக்கும்: 1203 என்றால் பெட்ரோல், 1005 என்றால் அமோனியா. பெட்ரோலுக்கு நுரை. அமோனியாவுக்குக் காற்று முதுகில் அடிக்கும் பக்கத்தில் நின்று தண்ணீர்த் திரை. எண்ணை மறைத்தால் நுரைக்குப் பதில் தண்ணீரடித்து நெருப்பைப் பரப்புவார்கள். பழைய பொருள் பிரிக்கும் பட்டறைகள் இருக்கும் தாராவி 13 காம்பவுண்டில் பிளாஸ்டிக் எவ்வளவு, கரைப்பான் டின் எத்தனை, சிலிண்டர் எங்கே என்ற வரைபடம் அந்தந்தத் தீயணைப்பு நிலைய அதிகாரியின் மேசையில் மூடிய உறையில் இருக்கட்டும், மாதம் ஒருமுறை புதுப்பிக்கப்படட்டும். உறையின் மேலே, தீப்பிடித்தால் கடைசி முடிவு எடுப்பவர் யார், அவர் இல்லையென்றால் யார் என்று இரண்டு பதவிப் பெயர். மூன்றாவது பெயர் எழுதாதீர்கள். மூன்று பேர் இருந்தால் யாரும் இல்லை என்று அர்த்தம்.

அந்தக் கப்பலில் தங்கம் 31 பெட்டி, 124 கட்டி. பல பத்தாண்டு கழித்தும் சேற்றிலிருந்து எடுத்து ஒப்படைத்தார்கள், அந்த அளவுக்குக் கணக்கு. செத்த மனிதர்கள்? 800 என்கிறார்கள், 1,300 என்கிறார்கள். கூலிகளுக்கு எண் போட்டு வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

எண்ணிக்கையைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஓர் அதிகாரி துப்பாக்கியே தொடாமல் ஆளைக் கொல்லும் இடம் அது. 2009ன் தொடக்கத்தில், இலங்கைப் போரின் கடைசி மாதங்களில், வன்னியில் எத்தனை பேர் சிக்கியிருக்கிறார்கள் என்ற கேள்விக்குக் கொழும்பு சொன்ன விடை 70,000. அங்கேயே இருந்த முல்லைத்தீவு மேலதிக அரசாங்க அதிபர் அலுவலகம், அதே அரசிடம் சம்பளம் வாங்கியவர்கள், 3 லட்சத்துக்கு மேல் என்று எழுதினார்கள். தப்பான தகவல் தருகிறீர்கள் என்று மேலிடம் அவர்களைக் கண்டித்தது. கடைசியில் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் மட்டும் சுமார் 2 லட்சத்து 90 ஆயிரம். எண்ணிக்கை வேண்டுமென்றே குறைத்துச் சொல்லப்பட்டது, உணவும் மருந்தும் அதனால் மறுக்கப்பட்டன என்று ஐ.நா. நிபுணர் குழு 2011ல் எழுதியது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளுக்கு நாளைக்கு 400 கிராம் தானியம் என்றால் 70,000 பேருக்கு 28 டன், பத்து டன் லாரியில் மூன்று. 2,90,000 பேருக்கு 116 டன், பன்னிரண்டு லாரி. மூன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் இருக்கிறது ஒரு கையெழுத்து. அங்கே பதுங்குகுழியில் அறுவை செய்த அரசு மருத்துவர்கள் அந்த ஜூலையில் காவலில் இருந்தபடியே ஊடகங்களின் முன் நிறுத்தப்பட்டு, தாங்கள் முன்பு சொன்ன எண்களை மறுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. உண்மை எண்ணை எழுதியவருக்குப் பாதுகாப்பு இல்லை என்றால் அடுத்தவர் எழுதமாட்டார் என்பது மட்டும் புரிகிறது.

இது இலங்கைக் கதை, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். தாராவியில் எத்தனை பேர் என்று உங்களிடம் கேட்டால் எந்தப் பதிவேட்டைத் திறப்பீர்கள்? வாக்காளர் பட்டியலா, ரேஷன் கார்டா, குடிசைகளை இடித்துப் புது வீடு கட்டும் மறுசீரமைப்புத் திட்டத்தின் கணக்கெடுப்பா? மூன்றாவதில் 2000 ஜனவரி 1 என்ற கெடு வைத்துத் தகுதி உள்ளவர், இல்லாதவர் என்று பிரித்திருக்கிறீர்கள். மாடி அறையில் வாடகைக்கு இருப்பவர், பை தைக்கும் பட்டறையிலேயே படுத்துத் தூங்கும் உத்தரப் பிரதேசப் பையன், மதுரையிலிருந்து போன மாதம் வந்தவர், இவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. குண்டு தகுதிச் சான்றிதழ் பார்த்து விழாது. எந்தப் பதிவேட்டை எடுக்கிறீர்கள் என்பதிலேயே யாருக்குத் தண்ணீர், யாருக்கு இல்லை என்பது முடிவாகிவிடுகிறது.

ஒரு பகுதியில் உண்மையில் 20,000 பேர் என்று வையுங்கள். நெருக்கடியில் ஆளுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் என்பது உலகமெங்கும் நிவாரணப் பணியில் எடுக்கும் அளவு. அது 3 லட்சம் லிட்டர், பத்தாயிரம் லிட்டர் டேங்கர் முப்பது. பட்டியலில் 12,000தான் என்றால் பதினெட்டு டேங்கரோடு நிறுத்திவிடுவீர்கள். மீதி 8,000 பேர் எங்கே போவார்கள்? அதே பதினெட்டு டேங்கரிடம்தான் வருவார்கள். சண்டை அங்கே ஆரம்பிக்கும், பிறகு "மக்கள் ஒழுங்கில்லை" என்று அறிக்கை வரும்.

எப்படி எண்ணுவது என்று தெரிந்தவர்கள் என்ற முறையில் சொல்கிறோம். இரவு பத்து மணிக்கு மேல், கல்லி கல்லியாக, ஒரு மாநகராட்சி ஊழியரும் ஒரு உள்ளூர் ஆளும் ஜோடியாகப் போக வேண்டும். கேட்க வேண்டியது: இன்றிரவு இங்கே தூங்குகிறவர்கள் எத்தனை பேர், கீழே எத்தனை, மாடியில் எத்தனை, ஐந்து வயதுக்குக் கீழ், கர்ப்பிணி, படுக்கையில் இருப்பவர், ஆக்சிஜன் அல்லது டயாலிசிஸ். பெயர் வேண்டாம், ஆதார் எண் கண்டிப்பாக வேண்டாம். கேட்டால் என்ன நடக்கும் என்பது தெரிந்த கதை: வீட்டை இடிக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று பாதிப் பேர் ஆளைக் குறைத்துச் சொல்வார்கள், வீடு கிடைக்கும் என்று மீதிப் பேர் ஊரில் இருக்கும் மச்சானையும் சேர்த்துச் சொல்வார்கள். இந்தக் கணக்கு மறுசீரமைப்புக்குப் பயன்படாது என்று தாளின் தலையிலேயே மராத்தி, இந்தி, தமிழ், தெலுங்கு, உருதுவில் அச்சடியுங்கள். அச்சடித்த பிறகு அதை மீறாதீர்கள். ஒரு தடவை மீறினால் அடுத்த இருபது வருடத்துக்கு எவரும் உண்மை சொல்லமாட்டார். இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒரே எண்ணாகக் கொடுக்காமல் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டாகக் கொடுங்கள், ஏற்பாட்டை அதிகபட்சத்துக்குச் செய்யுங்கள். மேலதிகாரி அந்த எண்ணைத் திருத்த விரும்பினால் பழைய எண்ணை அடித்துவிட்டு, அது படிக்கத் தெரியும்படி, பக்கத்தில் புது எண்ணும் காரணமும் தன் கையெழுத்தும் போடட்டும். அழிக்கும் வெள்ளை மையை மட்டும் அந்த அறைக்குள் விடாதீர்கள்.

செத்தவர்களுக்கும் இதே முறை. உடல் ஒன்றுக்கு ஒரே எண்; நகரம் முழுவதற்கும் ஒரே வரிசை. ஒவ்வொரு மருத்துவமனையும் தனித்தனியாக ஒன்றிலிருந்து ஆரம்பித்தால், மாற்றி அனுப்பிய உடல் இரண்டு தடவை கணக்கில் ஏறும், வேறொன்று விட்டுப்போகும். தண்ணீரில் அழியாத மையில் எழுதிய பிளாஸ்டிக் அட்டை இரண்டு: ஒன்று மணிக்கட்டில் அல்லது கணுக்காலில், ஒன்று பையின் மேல். எடுத்த இடம், நாள், நேரம், உத்தேச வயது, தழும்பு, பச்சை குத்திய அடையாளம். முகம் மட்டுமல்லாமல் முழு உடலும், உடுத்தியிருந்த துணியும் புகைப்படத்தில் வர வேண்டும், எண் அட்டையும் அதே படத்தில் தெரிய வேண்டும். தாலியையும் மோதிரத்தையும் பத்திரப்படுத்துகிறோம் என்று தனியாக ஒரு பெட்டியில் கொட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு எது யாருடையது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். நோய் பரவும் என்று அவசரப்பட்டு மொத்தமாகப் புதைக்காதீர்கள். காயத்தால் இறந்தவர் உடலால் கொள்ளைநோய் வருவதில்லை.

சங்கு விஷயத்துக்கு வருவோம். ஏறி இறங்கும் ஒலி இரண்டு நிமிடம் என்றால் ஆபத்து. ஒரே சீரான ஒலி இரண்டு நிமிடம் என்றால் ஆபத்து நீங்கியது. காகிதத்தில் சரி. நாலடிக் கல்லியில் தகரக் கூரைகளுக்கு நடுவே எதிரொலித்து வரும்போது ஏற்றமும் தெரியாது, இறக்கமும் தெரியாது. தமிழனுக்குச் சங்கு என்றால் மில் வேலை ஞாபகம் வரும், இல்லாவிட்டால் சாவு வீடு ஞாபகம் வரும். ஆகவே ஒலி முடிந்த கையோடு ஐந்து மொழியில் பேச்சு வர வேண்டும், பதிவு செய்து தயாராக வைத்த பேச்சு. 2025 மே 10 அன்று, நிகழ்ச்சிகளில் சைரன் ஒலியைப் பயன்படுத்தாதீர்கள் என்று அரசே தொலைக்காட்சிகளுக்குச் சொல்ல வேண்டி வந்தது. அதற்கு ஓரிரு இரவு முன்னால்தான் சில சேனல்கள் கராச்சி துறைமுகத்தையே அழித்துவிட்டு வந்திருந்தன, வாயாலேயே. அதிகாரி மௌனமாக இருக்கும் இடத்தை இப்படிப்பட்டவர்கள்தான் நிரப்புவார்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை வார்டு அலுவலகத்திலிருந்து ஒரு அறிவிப்பு. புதிதாக ஒன்றும் இல்லை என்றால் அதையே சொல்லுங்கள்.

தப்பாகவும் ஊதும். 2018 ஜனவரி 13 அன்று ஹவாயில் ஏவுகணை வருகிறது என்று எல்லாருடைய போனிலும் செய்தி போனது. அது தவறு என்ற செய்தி அதே போன்களுக்குப் போக 38 நிமிடம் ஆயிற்று, ஏனென்றால் எச்சரிக்கை வாசகம் தயாராக இருந்தது, மறுப்பு வாசகம் தயாராக இல்லை. ஆளுநருக்கோ தன் ட்விட்டர் கடவுச்சொல் ஞாபகம் வரவில்லை. எச்சரிக்கை வாசகம் எழுதும் அன்றே ரத்து வாசகத்தையும் எழுதி அனுமதி வாங்கி வையுங்கள். பணியில் இருக்கும் ஊழியரே மேலே கேட்காமல் அதை அனுப்பலாம் என்று எழுத்தில் கொடுங்கள்.

கொள்முதல் பற்றிச் சுருக்கமாக. 2025 மே 9 அன்று, 1968 குடிமைப் பாதுகாப்பு விதிகளின் 11ஆம் பிரிவின்படி அவசரக் கொள்முதல் செய்யலாம் என்று உள்துறை மாநிலங்களுக்கு எழுதியது. தேவைதான். ஆனால் எரிகிற வீட்டில் பிடுங்கிய வரை லாபம் என்று ஒரு கூட்டம் எப்போதும் காத்திருக்கும். கார்கில் சண்டைக்காக அவசரமாக வாங்கியதில் பெரும்பகுதி சண்டை நின்ற பிறகே வந்து சேர்ந்தது என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2001ல் எழுதினார். டெண்டர் இல்லாமல் வாங்குங்கள், தப்பில்லை. எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் பொருள், எண்ணிக்கை, விலை, வந்து சேர்ந்த நாள் நான்கையும் வார்டு வாசலில் ஒட்டுங்கள். வந்ததைப் பார்த்தும் வாங்குங்கள். தீயணைப்பான் முள் பச்சையில் இருக்கிறதா, உள்ளே தூள் கட்டிப்போகாமல் அசைகிறதா என்று தலைகீழாகக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். சிவப்பு மணல் வாளியில் மழைக்காலத்தில் மணல் ஈரமாகிக் கல்லாகிவிடும், மற்றக் காலத்தில் வெற்றிலை எச்சில். இரண்டையும் எடுத்துக் கொட்ட ஒரு ஆளை நியமித்தால்தான் அந்த வாளிக்கு அர்த்தம்.

போர் என்றதும் அண்டை வீட்டான் மேல் புகார் எழுதும் வழக்கமும் வரும். 1962ல் சீன வம்சாவளி இந்தியர்கள் சுமார் 3,000 பேரை ராஜஸ்தானில் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். சிலர் வருடக்கணக்கில் உள்ளே இருந்தார்கள். அதற்கும் யாரோ ஒரு எழுத்தர் பட்டியல் தட்டச்சு செய்தார். யாரைப் பிடித்தாலும் என்ன காரணம், எங்கே வைத்திருக்கிறோம் என்று வீட்டாருக்கு எழுத்தில் கொடுங்கள், 24 மணி நேரத்தில் நீதிபதி முன் நிறுத்துங்கள். பேச்சுமொழியை வைத்து ஆளை எடை போடாதீர்கள். பம்பாயில் 1960களில் லுங்கிக்காரன் என்று அடி வாங்கிய சனம் நாங்கள்.

அடுத்தது கொஞ்சம் சங்கடமானது: நீங்கள் இருப்பீர்களா? 1941 டிசம்பரில் ஜப்பான் குண்டு போட்ட பினாங்கிலிருந்து வெள்ளைக்கார அதிகாரிகளும் குடும்பங்களும் ஓசைப்படாமல் கப்பலேறினார்கள். பீதி வரக் கூடாது என்பதற்காக ரகசியமாம். போகிற அவசரத்தில் வானொலி நிலையத்தையும் படகுகளையும் எதிரிக்குப் பத்திரமாக விட்டுப்போனார்கள். மிச்சமிருந்த மலாய், சீன, தமிழ் சனங்களுக்காக ஒரு குழுவைக் கூட்டி, கோட்டையில் ஏறி ஆங்கிலேயர் கொடியை இறக்கியவர் எம். சரவணமுத்து, அங்கே பத்திரிகை ஆசிரியராக இருந்த இலங்கைத் தமிழர். அவர் அதிகாரி அல்ல. அடுத்த வருடம் பர்மாவிலிருந்து லட்சக்கணக்கானவர் நடந்து வந்தபோது வெள்ளையருக்கு ஒரு பாதை, கறுப்பருக்கு ஒரு பாதை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. நம் குடும்பங்களில் பர்மா நடை என்றால் இன்னும் தெரியும்.

ஆண்டாப்ஹில்லில் மத்திய அரசு குவார்ட்டர்ஸ் இருக்கிறது, பக்கத்திலேயே குடிசைகளும் இருக்கின்றன. முதல் பஸ் எந்த வாசலில் நிற்கும் என்பதை இப்போதே எழுதி ஒட்டுங்கள். படுக்கையில் இருப்பவர், கர்ப்பிணி, குழந்தை என்ற வரிசைதான் வரிசை. பதவி வரிசை அல்ல. அதிகாரி குடும்பத்தை ஊருக்கு அனுப்புவது பாவமில்லை, பயம் எல்லாருக்கும் உண்டு. ஆனால் அனுப்பும் நாளன்றே, ஊரைவிட்டுப் போக நினைப்பவர் போகலாம் என்று எங்களுக்கும் சொல்லிவிடுங்கள். வார்டு அலுவலகத்தில் பன்னிரண்டு மணி நேர முறை வைத்து, இப்போது பொறுப்பில் இருப்பவரின் பதவியையும், அவர் வந்த நேரத்தையும் கரும்பலகையில் எழுதுங்கள். பலகை காலியாக இருந்தால் எங்களுக்குப் புரிந்துவிடும்.

கடைசியாகப் படிக்கட்டு. 1943 மார்ச் 3 இரவு லண்டனில் பெத்னல் கிரீன் பாதாள ரயில் நிலையத்துக்குள் மக்கள் அடைக்கலம் தேடி இறங்கினார்கள். அன்று அந்தப் பக்கம் ஒரு குண்டும் விழவில்லை. பக்கத்துப் பூங்காவில் விமானத்தைச் சுடும் புதுவகை ராக்கெட்டுகளை ஏவிய சத்தத்தில் கூட்டம் முண்டியது. பத்தொன்பது படி, மங்கலாக ஒரே பல்பு, நடுவில் பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. ஒருவர் தடுக்கி விழ, 173 பேர் நசுங்கிச் செத்தார்கள், அதில் 62 பேர் குழந்தைகள். அந்த வாசலைச் சீர்செய்ய உள்ளூர் மன்றம் 1941லேயே கேட்டிருந்தது. செலவு 88 பவுண்டு. மேலிடம் மறுத்துவிட்டது. விசாரணை அறிக்கையை 1945 வரை வெளியே விடவில்லை.

எல்ஃபின்ஸ்டன் ரோடு பாலத்தில் 2017 செப்டம்பர் 29 அன்று 23 பேர் இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அங்கேயும் குண்டு இல்லை, மழை மட்டும். பூல், அதாவது பூ விழுந்தது என்றதைப் புல், அதாவது பாலம் விழுந்தது என்று கேட்டுவிட்டார்கள் என்று அப்போது பேசிக்கொண்டார்கள்.

தாராவிக்கு அடியில் மெட்ரோ நிலையம் ஒன்று பொதுமக்களுக்குத் திறந்ததும் அதே 2025 மே 10 அன்றுதான். பதினாறு நாள் கழித்து, அதே பாதையில் ஆச்சார்ய அத்ரே சௌக் நிலையத்துக்குள் மழைவெள்ளம் இறங்கியது. சங்கு ஊதினால் எங்கள் சனம் அந்த தாராவிப் படிக்கட்டைத்தான் நோக்கி ஓடும், நீங்கள் சொன்னாலும் சொல்லாவிட்டாலும். ஒரு மீட்டர் அகலப் படியில் நிமிடத்துக்குச் சுமார் 60 பேர் இறங்கலாம். இரண்டு மீட்டர் என்றால் பத்து நிமிடத்தில் 1,200 பேர். மேலே நிற்கும் மற்றவர்களை எங்கே நிறுத்துவது, நடுக்கம்பி உண்டா, மின்சாரம் போனால் படியில் எரியும் விளக்கு எது, மழை என்றால் அந்த நிலையம் அடைக்கலமா இல்லையா என்று முடிவு செய்பவர் யார்? கடைசி வண்டி போனதும் ஷட்டரை இறக்கிவிடுவார்கள். நள்ளிரவு இரண்டு மணிக்கு அந்தப் பூட்டின் சாவி யாரிடம் இருக்கும்?

இந்த மடலுக்கு நீங்கள் பதில் எழுத வேண்டியதில்லை. சாவி வைத்திருப்பவரின் பதவியையும் போன் எண்ணையும் ஐந்து மொழியில் எழுதி, மழைக்கு முன் அந்த நிலைய வாசலில் ஒட்டுங்கள். நாங்கள் போய்ப் படித்துக்கொள்கிறோம். ராத்திரி இரண்டு மணிக்கு அந்த எண்ணை ஒருமுறை கூப்பிட்டும் பார்ப்போம்.

இப்படிக்கு,
தாராவி, மாதுங்கா, ஆண்டாப்ஹில், செம்பூரிலிருந்து